விரல் ஆழம்

தேரிக்காட்டுச் செம்மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போனதால், அங்கே உழவும் குழி தோண்டவும் அரசின் தடை இருந்தது. விதைப்பு இயந்திரம் மட்டும் நிலத்தை விரல் ஆழத்துக்குக் கீறி, விதையை விட்டு, உடனே மூடும். கலப்பை போலக் கொத்துக்கால் வைத்த இயந்திரம் மண்ணைக் கிளறிவிடும் என்று, வட்டத் தகடு வைத்த இயந்திரமாகத் தேடி வாங்கியவன் இசக்கியப்பன். தன்னைச் சொந்தக் காட்டிலேயே புதைக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, புரட்டாசி விதைப்புக்கு முன்னால் இறந்துபோனான்.

“மம்பட்டியத் தொட்டாலே நெலத்தப் புடுங்கிருவாவ, மதினி,” என்றான் அவன் தம்பி தவசி.

டவுனில் எரித்து, சாம்பலை வாங்கி வந்தார்கள். மனைவி பேச்சித்தாய் ஒரு பிடி அள்ளித் தூவினாள். காற்று அதை அடுத்தவர் காட்டுக்குக் கொண்டுபோனது. மிச்சத்தைக் கம்பு விதையோடு பிசறி இயந்திரத்தின் பெட்டியில் கொட்டினாள்.

“வண்டிய எடு, தவசி.”

“என்ன மதினி இது...”

“எடுப்பா. அவுக உள்ள போயிருவாக.”

இயந்திரம் காடு முழுக்கப் போய்ப் போய்த் திரும்பியது. கீறல்களெல்லாம் மூடிக்கொண்டன. வாங்கி வைத்திருந்த மாலையை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல், பேச்சித்தாய் நடுக்காட்டில் நெடுநேரம் நின்றாள்.