ஜுனைதா பார்த்த பிறை

"மெதுவா ஓட்டு வேதகிரி! உள்ள கீறது மனுசி, நெல்லு மூட்டை இல்ல!" என்று வண்டிக்காரனைக் கடிந்துகொண்டான் கிதர் முகம்மது.

அவன் தோளில் சாய்ந்திருந்த மனைவி ஜுனைதா சிரித்தாள். "வுடுங்க. பொழுது சாயறதுக்குள்ள ஏரிக்கரைக்குப் போய்ச் சேர வாணாமா? பிறை நமக்காகக் காத்துகினா இருக்கும்?"

போன வருஷம் அவள் மார்பிலிருந்த கட்டியை அறுத்தெடுத்தார்கள். தொலைந்தது சனியன் என்று நினைத்தால், பாழாய்ப்போன புற்று மூளைக்கு ஏறிவிட்டது. முதலில் தலைவலி, அப்புறம் மங்கல், கடைசியில் ஒரேயடியாக இருட்டு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நோன்புப் பெருநாள் பிறையை எப்போதும்போல ஏரிக்கரையில் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணால் பார்ப்பாய் என்று கேட்க அவனுக்கு வாய் வருமா? "பாக்கலாம் புள்ள" என்று சொல்லிவிட்டான்.

"நேத்து கண்ணுக்குள்ள கொக்கா பறந்துச்சுங்க. எங்கம்மா வூட்டுக் கெணறுகூட வந்துச்சு. பிறை மட்டும் வராமப் பூடுமா? ஆஸ்பத்திரிலயே பெருநாளு போயிடுமோன்னுதான் பேஜாரா இருந்துச்சு."

கிதர் அவள் முக்காட்டைச் சரிசெய்தான்.

கரையில் பஜார் தெருவே திரண்டிருந்தது. ஜவுளிக்கடை அப்துல் ஜப்பார் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். பக்கத்து வீட்டு எல்லம்மாள் ஜமக்காளம் விரித்தாள்.

"நோம்பு வாயோட எனக்காவ இத்தினி பேரு வந்துகீறீங்களே!" என்று ஜுனைதா உருகினாள். எல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூரியன் இறங்கியது. கிதர் மனைவியின் முகத்தை மேற்கே திருப்பிப் பிடித்தான். தண்ணீரைத் தொட்டு வந்த காற்று குளுகுளுவென்று வீசியது.

"அதோ பிறை!" என்றார் அப்துல் ஜப்பார்.

"ஆமா, ஆமா! பனமரத்துக்கு மேல!" எல்லம்மாள்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள்.

ஜுனைதா அசையவில்லை. தெரியவில்லை என்று இவள் அழுதுவிட்டால் கிதர் எப்படித் தேற்றுவான்?

"தெரியிதுங்க!" அவள் முகமெல்லாம் பூரித்தது. "நூலாட்டம்... வெள்ளியாட்டம்... அல்லா மேல ஆணையா, நல்லாத் தெரியிதுங்க!"

துஆ கேட்க அவள் இரு கைகளையும் ஏந்தினாள். கிதர் அடக்க மாட்டாமல் விசும்பி அழுதான். அந்தக் கூட்டத்தில் பிறையைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோதே பெருநாள் வந்து போய்விட்டது. மேற்கே பார்த்து நின்ற அத்தனை பேரின் முதுகுக்குப் பின்னால், முழு நிலா எழும்பிக்கொண்டிருந்தது.