மூலைக்குப் போன அழி பொத்தான்

ஓர் ஆஸ்பத்திரிக் கணினியில், யாருக்கு எந்தப் படுக்கை என்று பட்டியல் போடும் விரிதாளில் 'அழி' என்றொரு பொத்தான் இருந்தது. அதை ஒட்டியே 'சேமி' பொத்தான். நர்ஸ் செங்கமலம் அவசரத்தில் சேமிக்கப் போய் அழியை அமுக்கிவிடுவாள். ஒருநாள் அப்படி ஒரு நோயாளியின் பெயர் மறைந்துபோய், அவர் படுக்கையில்லாமல் மாலைவரை பெஞ்சிலேயே கிடந்தார். அழி பொத்தானுக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் செங்கமலம் உட்கார்ந்து, விரிதாளுக்குள் தானாக வேலை செய்யும் மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதினாள். அது வந்ததும் வராததுமாகச் சேமி பொத்தானைப் பெரிதாக்கி நடுவில் வைத்தது. அழி பொத்தானைக் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனது.

"என்னை ஒரேயடியா எடுத்துடேன்," என்றது அழி.

"அந்தம்மா அப்படிச் சொல்லலையே," என்றது மேக்ரோ. "உன்னை அமுக்கினா, நிஜமாத்தானான்னு ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

நாலு நாள் மூலைப்பக்கம் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் செங்கமலம் அதைத் தேடிக்கொண்டு வந்து அமுக்கினாள். மேக்ரோ கேட்டதற்கு, ஆமாம் என்றாள். பன்னிரண்டாம் படுக்கை இருளாயி குணமாகி, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். அவள் பெயரை அழி பொத்தான் பூப்போல எடுத்தது.