பெருங்காய டப்பா

பொம்மையார்பாளையம் கரையோரம் பாய்மரப் படகு நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடுகிறது. மூன்று நாள் கடல் பயணம். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், திண்டிவனத்திலிருந்து வந்த கவிதா மட்டும் செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். கோதுமை ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அவள் குடல் தாங்காது. நடுக்கடலில் ஆஸ்பத்திரியும் கிடையாது. படகுக்குச் சமைக்கும் ஆரோக்கியசெல்வி விளிம்பில் உட்கார்ந்து தூக்குகளைத் திறந்து காட்டுகிறாள்: கேப்பை அடை, மீன் குழம்பு, ரசம். "கோதுமையத் தொடவே இல்லைங்க." "ரசத்துக்கு என்ன பெருங்காயம் போட்டீங்க?" செல்வி கூடையைத் துழாவிச் சின்ன டப்பா ஒன்றை நீட்டுகிறாள். கவிதா அதை வெயிலுக்குத் திருப்பி, எறும்பளவு எழுத்தின் மேல் விரலை வைக்கிறாள். கோதுமை மாவு. செல்வி டப்பாவை வாங்கிக் கண்ணைச் சுருக்கி இரண்டு முறை படிக்கிறாள், மூடியைத் திறந்து மோந்தும் பார்க்கிறாள். "இத்தினி வருசமா போட்டுக்கினு இருக்கேன். இதுல எதுக்குங்க கோதுமை?" ரசத் தூக்கு மூடப்பட்டு ஓரமாகப் போகிறது. மேலே பாய் படபடவென்று விரிகிறது. செல்வியின் கை குழம்புத் தூக்கின் மேல் நின்றுவிடுகிறது; மிதக்கும் எண்ணெயையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு அதையும் மூடி ரசத்தின் பக்கம் தள்ளுகிறாள். "ரசம் கிண்டின கரண்டியாலதாங்க இதையும் கிண்டினேன். நீங்க அடைய சாப்பிடுங்க, மீனு புடிச்சதும் வேற சட்டியில வறுத்துத் தர்றேன்." கவிதா செருப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு, ஏற்றிவிடச் சொல்லி அவளிடம் கையை நீட்டுகிறாள்.