ஐந்தாவது திரி

கல்லூரி நாளிலிருந்தே தமயந்தியும் செண்பகமும் சேர்ந்து கண்ட கனவு அந்த அறை. எந்தப் பெண்ணும் கூச்சமில்லாமல் உள்ளே வந்து, பேசிச் சிரித்தபடி தைக்கலாம், பின்னலாம். ‘எல்லாப் பெண்களும் வருக’ என்று துணியில் பூத்தையல் போட்டு மாட்டியது செண்பகம்தான். திறப்பு நாளன்று குத்துவிளக்குக்குத் திரி போட்டவளும் அவளே.

மெழுகுவத்தியை எடுத்த தமயந்தி, வாய்ப்பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டாள். “சுமங்கலிங்க அஞ்சு பேர் முன்னாடி வாங்க!”

விளக்கருகே நின்ற செண்பகம் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள். அவள் கணவர் போன ஆண்டுதான் இறந்திருந்தார்.

நான்காவது திரி எரிந்தபோதுதான் தமயந்தி அவளைத் தேடினாள். சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. எதிரே தொங்கிய பூத்தையலைப் பார்க்க அவளுக்கு முகமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, செண்பகம் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போய் மெழுகுவத்தியை நீட்டினாள்.

“செண்பா, இதை நீதான்டி ஏத்தணும்.”

“அட போடி, நான் கை வேலையா இருக்கேன். எல்லாரும் பாக்குறாங்க, போய் ஏத்து.” செண்பகம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தலை மட்டும் நிமிரவில்லை.

உருகிய மெழுகு தமயந்தியின் விரலில் சொட்டியது. செண்பகத்தின் மடியில் விரித்திருந்த துணியில் ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஊசியில் நூல் இல்லை.