உள்ளே இருப்பவள் பாட வேண்டும்

புகுந்த வீட்டுக் குளியலறையில், பக்கத்துத் தறிக்குடோனில் தறிகள் ஓடும் சத்தத்துக்கு மேல் பாடிக்கொண்டே குளிக்கிறாள் மோகனப்பிரியா. ஜன்னல் வெயிலில் தாழ்ப்பாள் மின்னுகிறது. அடங்காத பிள்ளைகளைத் திருத்துவார்கள் என்று சின்ன வயதில் அவளைச் சேர்த்துவிட்ட விடுதிப் பள்ளியில் குளியலறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே இருப்பவள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் வார்டன் கதவைத் தள்ளித் திறந்துவிடுவாள். இன்று வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பார்க்கிறாள். ஒரு கை துண்டை இழுத்து மார்போடு சேர்க்கிறது, இன்னொரு கை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறது. முழங்கையில் சோப்பு நுரை வழிகிறது. காலடிச் சத்தம் நெருங்கி வந்து கதவருகே நிற்கிறது. "ஏங் கண்ணு, பாட்டு நின்னுபோச்சு? அதக் கேட்டுட்டேதான வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன்," என்கிறாள் மாமியார், ஆசையாக. மோகனப்பிரியா விட்ட இடத்திலிருந்து, முன்னிலும் சத்தமாகப் பாடுகிறாள்.