கோடுகள் இருக்கும் பக்கம்

சாம்பல் நிற அட்டையின் நடுத்துளை வழியே நான்கு மாதக் குழந்தை ஓவனின் கண்களைக் கவனிக்கிறேன். காலையில் அவன் தலையில் கம்பிகள் ஒட்டிச் செய்த சோதனையில் பார்வைக்கான மூளை அலையே பதியவில்லை. அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடுகள்; பார்வை இருக்கும் குழந்தை அந்தப் பக்கம்தான் திரும்பும். எந்தப் பக்கமென்று எனக்கும் தெரியக்கூடாது. அவனை மடியில் வைத்திருக்கும் அம்மா டார்லாவும் விதிப்படி கண்களை மூடியிருக்கிறாள். ஓவன் ஜன்னல் பக்கம் திரும்புகிறான். வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறானோ என்று, பக்கம் மாறும்படி அட்டையைச் சுழற்றிக் காட்டுகிறேன். இப்போது கதவுப் பக்கம் பார்க்கிறான். மறுபடி சுழற்றுகிறேன்; ஜன்னல். "இன்னும் எத்தனை வாட்டி பாத்தா நம்புவ நீ?" என்று சிரிக்கிறாள் உடன் வேலை செய்யும் மொரீன். அட்டையின் முன்பக்கத்தைப் பார்க்கிறேன். கோடுகள் ஜன்னல் பக்கம்தான். "அவனுக்குத் தெரியுதுங்க," என்கிறேன். டார்லா கண்ணைத் திறக்கிறாள். "இன்னொரு தடவை காட்டுங்க. இப்ப நானும் பாக்கறேன்."