கேபிள்மேல் பழி

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. அவன் அதைச் சட்டென்று உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தங்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கேபிள் போச்சு என்று கையால் சொன்னான்.

எட்டும் எரிந்தால் கேபிளில் கோளாறு இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அவன் அதைச் செய்திருந்தான்.

ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் நெட் கேபிள் இழுப்பதுதான் அவன் பிழைப்பு. அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிக் கிடக்கும். முனையில் கனெக்டர் மாட்டும்போது ஒரு ஜோடியைப் பிரித்து, இன்னொரு ஜோடியின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பிரிக்காமல் ஜோடி ஜோடியாகவே அடுக்கி, இரண்டு முனையிலும் அதே தப்பைச் செய்தால் டெஸ்டர் ஏமாந்துவிடும். கம்ப்யூட்டர் ஏமாறாது. கீழே ரூட்டரிலிருந்து மாடி அறை வரை போகிற நீளத்தில் ஒரு கம்பியில் ஓடுவது இன்னொன்றில் கலந்து, படம் திக்கித் திணறும்.

தங்கையின் அறைக்கு அவன் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தான். வேண்டுமென்றே.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சாயங்காலமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒருவரோடு கைகளால் பேசுவாள். வெளியூரில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். அவருக்கும் கேட்காது. செல்போன் சிக்னல் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது; கீழே இருக்கும் ரூட்டரின் வைஃபையும் மாடிக்கு ஏறாது. வாசலில் நின்று பேசினால் போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கேபிள்தான் கதி.

'ஒரு தடவை நீ அவரோட பேசிப் பாரு' என்று அவள் கேட்டிருந்தாள்.

அவன் முடியாது என்று சொல்லவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றான். இருவருக்கும் கல்யாணமானால், யாராவது கதவைத் தட்டும்போது அந்த வீட்டில் யார் திறப்பது, ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது. முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. நாலு நாள் படம் நின்று நின்று வந்தால் இரண்டு பேருக்கும் சலித்துவிடும் என்று நினைத்தான்.

சலிக்கவில்லை.

போன வாரம் எதையோ எடுக்க மாடிக்கு வந்தவன் பார்த்தான். திரையில் அந்த மனிதர் அசையாமல் இருந்தார். ஒரு கை பாதி வார்த்தையில் நின்றிருந்தது. அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மீதி வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். இவர்களுக்குப் படம்தான் குரல். கூடப் பிறந்தவளின் வாயைத் தான் பொத்தியிருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.



இரண்டு முனையையும் வெட்டிவிட்டுச் சரியாக மாட்டினால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் என்ன கோளாறு என்று கேட்பாளே. அதனால் பழியைக் கேபிள்மேல் போட்டான். ஆஸ்பத்திரி வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த, கலப்பில்லாத செம்புக் கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"என்னடா, எலி கடிச்சிருக்கா?" என்று படிக்கட்டிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

எலிமேலும் ஒரு பழி.

பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி அவன் கீழேயிருந்து குழாய்க்குள் தள்ள, தங்கை மேலேயிருந்து இழுத்தாள். நிறம் நிறமாகப் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்து, கனெக்டரை அழுத்தினான்.

அவள் கூப்பிட்டதும் திரையில் அந்த மனிதர் வந்தார். ஒல்லி உடம்பு, விடைத்த காதுகள். கைகள் தண்ணீர்போல ஓடின. பின்னால் நின்ற அண்ணனைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வணக்கம் சொன்னார். இவனும் சொன்னான். அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் சாமான்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

படியில் கால் வைத்தபோதுதான் கனெக்டரை அழுத்தும் கிரிம்பரை மேஜையடியில் விட்டது நினைவுக்கு வந்தது.

அவள் அறைக்குள் போவதானால் வாசலில் இருக்கும் சுவிட்சைத் தட்டி விளக்கை ஒருதரம் அணைத்துப் போடுவார்கள். வந்திருப்பது அவளுக்குத் தெரிவதற்காக. சுவிட்சுக்குப் போன விரல் அப்படியே நின்றது.

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இறங்கிப் போய்விட்டான் என்று நினைத்திருந்தாள். திரை முழுக்க அவர். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவள் மட்டும்; கதவோர இருட்டில் நின்ற அவன் அதில் விழவில்லை. இருவர் கைகளும் அவனுக்குத் தெரிந்தன.

'படம் சுத்தமா இருக்கே. புது கேபிளா?' என்றார் அவர்.

'பழசுலயே ஒண்ணும் இல்ல. கனெக்டர்ல கம்பி மாறியிருந்தது. எத்தனை கனெக்டர் நானே அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? மாட்டின அன்னிக்கே பார்த்துட்டேன்.'

'அப்ப நீயே மாத்தியிருக்கலாமே.'

'மாத்தியிருக்கலாம். அவனே மாத்தட்டும்னு இருந்தேன். மாத்தினா அவன் மனசும் மாறிடுச்சுன்னு அர்த்தம். இனிமே நீங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்கலாம்.'

அந்த மனிதரின் கைகள் கேட்டன.

'உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?'

கட்டத்துக்குள் அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

'தெரிய வேண்டாம். தெரிஞ்சா தாங்க மாட்டான்.'